ஒரு சாண் ஹோஸ்

எஞ்சின் மாற்றும் வேலை இப்போது தொழில் பழகும் உங்களுக்கு எனக்கிருந்த அளவு கடினமில்லை. எந்த எஞ்சின் எந்த வாகனத்தில் உட்காரும், எந்த வயர் எதோடு சேரும் என்று கைத்தொலைபேசியே காட்டித் தருகிறது. அதையெல்லாம் நான் திரும்ப எழுதத் தேவையில்லை. இடம்பெயர்ந்திருந்த காலம் போக, மாங்குளத்தில் நெடுங்காலம் கராஜ் வைத்திருந்தவன் நான். அங்கே நான் விட்ட ஒரு பிழையை மட்டும் எழுதுகிறேன். எரிபொருள் தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் கொண்டுபோகும் வழியில் இருந்த ஒரு சாண் நீளமான ரப்பர் ஹோஸ் துண்டு பற்றியது அது.

பிழை எங்கேயிருந்து வந்தது என்று விளங்குவதற்கு, நான் தொழில் பழகிய காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடை இருந்த காலம். வன்னிக்குள் பெற்றோல் போத்தல் கணக்கில்தான் கிடைத்தது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்போம். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். ரப்பர் ஹோஸும் வராது. ஆஸ்பத்திரியில் பாவித்து எறிந்த சலைன் குழாயை வாங்கி வந்து பூட்டுவோம். அதில் ஒரு வசதி இருந்தது: எண்ணெய் போவது கண்ணுக்குத் தெரியும். காற்றுக் குமிழி வந்தாலும் தெரியும், தண்ணீர் கலந்திருந்தாலும் தெரியும். மூன்று கிழமையில் குழாய் மஞ்சளாகி விறைத்துவிடும். நுனியைச் சுடுதண்ணீரில் தோய்த்து இளக்கி, இன்னும் ஒரு கிழமை ஓட்டுவோம். எங்கேயாவது ஒழுகினால் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்புவோம்.

எனக்குத் தொழில் காட்டியவர் எதையும் எறிய விடமாட்டார். கழற்றிய நட்டு, வோஷர், ஹோஸ் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் போட வேண்டும். “எறியிறவன் பிறகு தேடுவான்” என்பார். அவர் சொன்னது சரி. அந்த ரின்னிலிருந்து எடுத்த ஒரு விரல் நீளத் துண்டைப் பூட்டிய காரில் ஒரு பிரசவக்காரி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். இன்றைக்கும் எங்கேயாவது மண்ணெண்ணெய் மணம் வந்தால் எனக்கு அவருடைய பாலைமரத்தடிக் கராஜ்தான் நினைவுக்கு வரும். அரை மணித்தியாலம் தள்ளி, குத்தி, ஊதி ஒரு கார் கிளம்பிவிட்டால், வெள்ளைப் புகைக்குள் நின்று பத்துப் பேர் சிரிப்பார்கள். வீதியில் போகிறவர்களும் நின்று சிரிப்பார்கள். அவ்வளவு கஷ்டத்துக்குள்ளும் ஒரு வாகனம் ஓடுவது எல்லாருக்கும் பொதுவான சந்தோசமாக இருந்தது. மணக்கிறது என்றால் வாகனம் ஓடுகிறது என்று அர்த்தம். மணத்தைக் கண்டு பயப்படும் பழக்கம் எங்களுக்கு வரவேயில்லை.

தடை போய், போர் முடிந்து, கடைகளில் எல்லாம் கிடைக்கத் தொடங்கிய பிறகும் என் மேசைக்குக் கீழே அந்த மாதிரி ஒரு ரின் இருந்தது. கழற்றியதைக் கழுவிப் போடும் கையும் மாறவில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் பிலோமினா தன்னுடைய வானை எஞ்சின் மாற்றக் கொண்டுவந்தார். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். கணவர் கடலுக்குப் போவார். வானை இவர் ஓட்டுவார். முன்பு நண்டும் இறாலும் ஏற்றிய வான் அது. பிறகு கழுவி, இருக்கைகள் பூட்டி, சிறுநீரகம் பழுதுபட்ட ஆறு பேரைச் செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். அங்கே ஒவ்வொருவரும் நாலு மணித்தியாலம் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினோடு படுத்திருக்க வேண்டும். காலையில் என் கராஜைக் கடக்கும்போது இரண்டு தரம் ஹோன் அடிப்பார். நான் ஸ்பானரைத் தூக்கிக் காட்டுவேன்.

பழைய எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கியிருந்தது.

“உதையே திருத்தேலாதோ அண்ணை?”

“திருத்தலாம் பிள்ளை. ஆனால் நீர் றோட்டிலை நிக்கிற நேரத்தை விட இஞ்சை நிக்கிற நேரம் கூடவாயிருக்கும்.”

“அப்ப மாத்துங்கோ. ஒரு கிழமைக்கு வேறை வான் பிடிச்சிருக்கிறன். திங்கள் பின்னேரம் எனக்கு இது வேணும். ஒரு முறை தவறினாலும் அதுகளுக்குக் காலும் முகமும் ஊதிப்போகும். மூச்சு எடுக்கேலாது.”

பழையது காபரேற்றர் எஞ்சின். அதற்குப் பெற்றோல் மெதுவாக நடந்து போனால் போதும். எந்த ஹோஸும் தாங்கும். புதிதாகப் போட்டது இன்ஜெக்ஷன் எஞ்சின். அதன் குழாய்க்குள் பெற்றோல், காற்றடித்த சைக்கிள் ரயருக்குள் இருக்கும் அழுத்தத்தோடு ஓடும். அதற்கென்று தனி ஹோஸ், தனிக் கிளிப் இருக்கின்றன. இரண்டு ஹோஸையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கறுப்பு, ஒரே பருமன். உடம்பில் அச்சடித்த எழுத்தை வாசித்தால்தான் வித்தியாசம் தெரியும். இது எனக்குத் தெரியும். அதனால்தான் வவுனியாவுக்குப் போய்ச் சரியான ஹோஸ் வாங்கி வந்தேன். மூன்று இடத்துக்கு மூன்று துண்டு அளந்து வெட்டி மேசையில் வைத்தேன்.

அதே மேசையில், கழற்றிய பழைய துண்டுகளை வழக்கம்போலக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். அவையும் பளபளவென்றுதான் இருந்தன. எழுத்து மட்டும் எப்போதோ அழிந்துவிட்டது. திங்கட்கிழமை மத்தியானம், பிலோமினா இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுவிட்ட அவசரத்தில், கைக்கு வந்த மூன்றாவது துண்டை எடுத்துப் பூட்டினேன். பின் இருக்கைக்குக் கீழே, சைலன்சர் குழாய்க்கு நாலு விரல் தள்ளி இருக்கும் இடம் அது. மேசையில் மிஞ்சியதை வாரி ரின்னுக்குள் போட்டேன். எஞ்சின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. முன்மூடியைத் திறந்து சத்தம் கேட்டேன், ரசித்தேன், மூடினேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே படுத்துப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் திரும்பும் வழியில் பிலோமினா கராஜ் வாசலில் வானை நிறுத்தினார்.

“அண்ணை, பின்னுக்குப் பெற்றோல் மணக்குது. ஒராள் வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்துப்போட்டார்.”

நான் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, முன்பக்கம் திறந்து தடவிப் பார்த்தேன். கீழே குனிந்தும் பார்த்தேன். ஈரம் இல்லை. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். கசிந்த கொஞ்சமும் சைலன்சர் சூட்டில் நிமிடத்தில் காய்ந்துவிடும். இதுவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையை உள்ளே விட்டு மணந்து பார்த்தேன். என் மூக்குக்கு அது வாகன மணமாகத்தான் பட்டது.

“பெற்றோலிலை ஓடுற வான் பெற்றோல் மணக்காமல் சந்தனமே மணக்கும்?” என்றேன்.

கராஜில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

“வருத்தக்காரருக்கு எல்லாம் மணக்கும் பிள்ளை. அதுகளுக்குச் சோறும் மணக்கும்.”

பிலோமினா சிரிக்கவில்லை. “சரி அண்ணை, நீங்கள் சொன்னால் சரி” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். இந்தத் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் அப்படிச் சொல்லும்போது நீங்கள் மறுபடி கீழே படுத்துப் பார்க்க வேண்டும். அவர் உங்களை நம்பித் தன் மூக்கைப் பொய் என்று ஒத்துக்கொள்கிறார்.

சனிக்கிழமை காலை வான் ஹோன் அடித்துப் போனது. நான் ஸ்பானரைத் தூக்கிக் காட்டினேன். அது போன கையோடு துணுக்காயிலிருந்து ஒருவர் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்; எண்ணெய்க் குழாய் வெடித்திருந்தது. ஒரு துண்டு தேடி ரின்னைத் திறந்தேன். மேலே கிடந்ததை எடுத்தேன். அதில் வெள்ளை எழுத்து ஒன்றும் அழியாமல் இருந்தது. நான் வவுனியாவில் வாங்கி, அளந்து, வெட்டிய துண்டு.

அப்படியானால் வானில் பூட்டியிருப்பது பழையது. உழவு இயந்திரக்காரர், “என்ன அண்ணை, பாம்பே?” என்று கேட்டது நினைவிருக்கிறது.

மூன்று முறை தொலைபேசி எடுத்தேன். பிலோமினா ஓடும்போது தொலைபேசி தொடமாட்டார். நல்ல பழக்கம், அன்றைக்கு எனக்கு ஆகாத பழக்கம். ஹோஸ், இரண்டு கிளிப், ஒரு திருகாணிச் சாவி. மூன்றையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தெற்கே திரும்பினேன். ஒவ்வொரு வளைவிலும் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு போனேன். கனகராயன்குளத்தில் ஒரு நோயாளி ஏறுவார், அதற்காக அங்கே வான் ஐந்து நிமிடம் நிற்கும் என்பது மட்டுமே எனக்கிருந்த நம்பிக்கை.

வான் அங்கே ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கடை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையில் பத்து அடி இருக்கும்.

வரும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து ஒரு வசனம் செய்து வைத்திருந்தேன். அது ஒன்றும் வாயில் வரவில்லை. யன்னலுக்குள் கையை விட்டு, ஸ்ரேறிங்குக்குப் பக்கத்திலிருந்த சாவியைத் திருப்பி உருவினேன். இதை மட்டும் நான் சரியாகச் செய்தேன். எஞ்சினை முதலில் நிறுத்துங்கள். காரணம் பிறகு சொல்லலாம்.

“என்ன விசர் வேலை அண்ணை?” என்றார் பிலோமினா.

“எல்லாரையும் இறக்கும் பிள்ளை. வேப்பமரத்தடிக்கு. கெதியா.”

கீழே படுத்தேன். ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் அவரைக்காய் போல வீங்கியிருந்தது. வீக்கத்தின் அடியில் ஒரு கீறல். அதிலிருந்து துளி, துளியாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. ஓடும்போது அது துளியாக இருந்திருக்காது. சைலன்சர் குழாயின் ஒரு பக்கம் கழுவிவிட்டதுபோலப் பளிச்சென்று இருந்தது.

எழும்பி வந்தபோது ஆறு நோயாளிகளும் மரத்தடியில் நின்றார்கள். கடைக்காரர் நிலைமையைப் பார்த்துவிட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றினார். பிறகு உள்ளே போய் ஒரு மஞ்சள் சவர்க்காரக் கட்டியோடு வந்தார்.

“அண்ணை, இதை அப்பிவிடட்டே? உதாலை நாங்கள் எத்தினை கார் ஓட்டினனாங்கள்.”

என் வயதுக்காரர். முகத்தில் உண்மையான ஆர்வம். மரத்தடியில் ஒருவர், “உது எங்கடை காலத்து மருந்தல்லோ” என்று சிரித்தார். ஒரு கணம் நாங்கள் எல்லோரும் அந்தப் பழைய காலத்தில் நின்றோம்.

பிலோமினா என்னையே பார்த்தார். “எட்டரைக்கு இவையின்ரை முறை. பிந்தினால் மெசினை வேறை ஆக்களுக்குக் குடுத்திடுவினம். வவுனியா மட்டும் தாங்குமோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

செவ்வாய் தாங்கியது. வியாழன் தாங்கியது. அன்றைக்கும் முல்லைத்தீவிலிருந்து அவ்வளவு தூரம் தாங்கியிருக்கிறது. இன்னும் முக்கால் மணித்தியால ஓட்டம். ‘தாங்கும்’ என்று சொன்னால் பிழையும் மறைந்துவிடும். வவுனியாவில் வைத்துச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உங்களுக்கும் ஒரு நாள் வரும். அதனால் எழுதுகிறேன்.

“தாங்கினாலும் தாங்கும். எனக்குத் தெரியாது. தெரியாமல் இவையை ஏத்த மாட்டன்” என்றேன். “பிழை என்னிலை. கழட்டின பழைய ஹோஸைத் திருப்பிப் பூட்டிப்போட்டன். புதுசு என்ரை ரின்னுக்கை கிடந்தது.”

“வியாழக்கிழமை சந்தனம் எண்டு சொன்னனீங்கள்.”

“ஓம்.”

பிலோமினா அதோடு திரும்பினார். வீதியில் இறங்கி நடுவில் நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ் பிறேக் அடித்து நின்றது. கொண்டக்டர் வாசலில் தொங்கியபடி, “அக்கா, நிக்கவும் இடமில்லை” என்றார்.

“நான் இடம் கேக்கேல்லை தம்பி. இந்த ஆறு பேருக்கும் எட்டரைக்கு ரத்தம் மாத்தவேணும். உள்ளுக்கை இருக்கிற ஆக்களைக் கேளும், இடம் இருக்கோ இல்லையோ எண்டு.”

கொண்டக்டர் கேட்க வேண்டியிருக்கவில்லை. யன்னலோரம் இருந்தவர்கள் எழும்பத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசியாக ஏறியவர் இராசையா அண்ணை. ஒட்டுசுட்டானில் வயல் செய்தவர். மெலிந்து, கால் மட்டும் வீங்கி, ஒவ்வொரு அடியாக வைத்து நடப்பார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

“அண்டைக்குச் சத்தி எடுத்தது நான்தான்” என்றார். கோபமில்லாத குரல்.

“ஓம் அண்ணை. மன்னியுங்கோ.”

“அதை விடும். நீர் உந்தக் குழாயை எப்ப பார்த்தனீர்? வான் நிக்கேக்கையோ, ஓடேக்கையோ?”

“நிக்கேக்கை.”

“ஆஸ்பத்திரியிலை ஒரு நேர்ஸ் பிள்ளை இருக்கிறா. எனக்குக் குழாய் பூட்டி, மெசினையும் போட்டிட்டு, அதுக்குப் பிறகுதான் ஒவ்வொரு பூட்டாத் தொட்டுப் பார்ப்பா. நிக்கிற குழாய் எல்லாம் நல்ல குழாய்தானாம்.” பஸ் படியில் காலை வைத்துக்கொண்டு, “அவாவிட்டை ஒருக்காப் போய்ப் படியும்” என்றார். பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள்.

பிலோமினாவும் அவர்களோடு ஏறினார். “வானோடை வாங்கோ” என்று மட்டும் சொன்னார்.

சைலன்சர் கை வைக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருந்தேன். அதற்கு முன்னர் அந்தக் குழாயைக் கழற்றுவது, தீயிலிருந்து தப்பிவிட்டு அதைத் திரும்ப அழைப்பதுபோல. பிறகு புதுத் துண்டைப் பூட்டினேன். கடைக்காரரிடம் பழைய பத்திரிகைத் தாள் ஒன்று வாங்கி, பூட்டுக்குக் கீழே விரித்து, எஞ்சினை ஓடவிட்டுப் படுத்துக்கொண்டேன். கால் மணித்தியாலம். தாளில் ஒரு பொட்டு விழவில்லை. தாளை எடுத்துத் திரும்ப விரித்து, மற்ற இரண்டு இடத்தையும் அப்படியே பார்த்தேன். என் மூக்கை நான் கேட்கவில்லை.

வவுனியாவுக்குப் போனபோது ஐந்து பேர் மெசினில் படுத்துவிட்டார்கள். இராசையா அண்ணையின் மெசின் வேறொருவருக்குப் போய், அது முடிந்த பிறகுதான் அவருக்குக் கிடைத்தது. எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தோம். அந்த நேரம் முழுவதும் நான் வானுக்கு அருகில் நின்றேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று காத்திருக்கிறவர்களை அதற்கு முன் நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எல்லோரும் ஏதோ ஒரு வாகனத்தில் வந்தவர்கள். அந்த வாகனத்தை யாரோ ஒருவர் திருத்தியிருப்பார்.

திரும்பும்போது நான் முன்னால் ஏறப்போனேன். பிலோமினா தலையை ஆட்டினார்.

“பின்னாலை இருங்கோ அண்ணை. இராசையா அண்ணைக்குப் பக்கத்திலை. கண்ணாடியை ஏத்திவிடுங்கோ.”

அந்தத் துண்டுக்கு நேர் மேலே இருக்கும் இருக்கை அது. உள்ளே வெக்கை. ஓமந்தை தாண்டியது. பிறகு நான் கேட்டேன்: “அண்ணை, எனக்கு விளங்காது. நீங்கள் சொல்லுங்கோ. மணக்குதோ?”

அவர் கண்ணை மூடி இரண்டு மூச்சு எடுத்தார். “இல்லை” என்றார். “உம்மடை சட்டைதான் மணக்குது.”

பிலோமினா அன்றைக்கு முதல் தரமாகச் சிரித்தார். அதற்குப் பிறகு நான் தொழிலை விடும்வரை, எரிபொருள் குழாயில் கை வைத்த எந்த வாகனத்தையும் சொந்தக்காரர் பின் இருக்கையில் ஏறி, கண்ணாடி ஏற்றி, என்னோடு ஒரு சுற்று வராமல் கொடுத்ததில்லை. சிலர் அலுத்துக்கொள்வார்கள். நீங்களும் செய்யுங்கள்; அலுத்துக்கொள்ளட்டும்.

மெசினில் இருந்து எழும்பியவர்களுக்கு உடம்பில் ஒன்றும் மிஞ்சாது என்று சொல்வார்கள். புளியங்குளம் தாண்டியதும் இராசையா அண்ணையின் தலை மெல்லச் சரிந்து என் தோளில் வந்து நின்றது. வாய் திறந்தபடி நித்திரை. தலைக்கு ஒரு பாரமும் இல்லை.

கனகராயன்குளம் வந்தது. என் மோட்டார் சைக்கிள் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நான் விட்ட இடத்தில் நின்றது. பிலோமினா வேகத்தைக் குறைத்து, பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தோளை அசைக்காமல், போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

மோட்டார் சைக்கிளை அடுத்த நாள் பஸ்ஸில் போய் எடுத்தேன்.